நாலு புத்தாண்டு உள்ள நாடு

மாஸ்டருக்கு அந்த நாட்டின் மேலேயே கோபம் வந்துவிட்டது.

"ஒரு நாட்டுக்கு ஒரு புத்தாண்டு போதாதா? எதுக்கு நாலு?" என்று மேஜையைத் தட்டினார்.

"அங்க நாலு இனத்து ஜனங்க இருக்காங்க சார். ஆளுக்கொண்ணு கொண்டாடுறாங்க," என்றார் பயண ஏஜெண்ட், இதில் தனக்கு எந்தப் பங்கும் இல்லை என்கிற முகத்தோடு.

"நாலு பேரும் பேசி வச்சு ஒரே நாள்ல கொண்டாடினா என்ன?"

"போறப்போ நீங்களே சொல்லிப் பாருங்க சார்."

ஏஜெண்ட் எப்போதுமே துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரிதான் பேசுவார். ஊரையெல்லாம் உல்லாசப் பயணம் அனுப்பி வைக்கிற அவர் மட்டும் எங்கேயும் போனதில்லை. விமானம் என்று சொன்னாலே வயிற்றைப் புரட்டுமாம். அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கடற்கரைப் படம் வெளுத்துப்போய், தென்னை மரங்களெல்லாம் நீலமாகியிருந்தன. வெளியே விடாமல் மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஆனா சார், என் கம்ப்யூட்டர்ல அந்த வாரம் ரூம் நிறையக் காலியாத்தான் காட்டுது."

"உங்க கம்ப்யூட்டருக்கு என்னய்யா தெரியும்? ரூமே கிடைக்காதுன்னு என் பொண்ணு சொல்றா, அவ அங்கேயே இருக்கா. அவளைவிடவா?"

ஏஜெண்ட் கம்ப்யூட்டரின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

மாஸ்டர் என்றால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். அதில் பாதிப் பேரை அழ வைத்தவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. பக்கத்தில் இருப்பவர் தப்பு செய்வதற்கு முன்பே அதை மிதித்துவிடுவது அவர் தொழில் ரகசியம். பழக்கம் வீட்டிலும் விடவில்லை. சோபாவில் சாய்ந்திருக்கும்போது மனைவி எதையாவது பேசத் தொடங்கினால் போதும், அவருடைய கால் தானாகத் தரையை அழுத்தும்.

அவருக்கு ஒரே மகள். அந்த வெயில் நாட்டில், கடற்கரையோரம் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. சேர்ந்தது என்னவோ வரவேற்பு மேஜையில்தான். மாஸ்டர்தான் ஆறே மாதத்தில் அவளை சூப்பர்வைசர் ஆக்கி, அடுத்த ஆறு மாதத்தில் மேனேஜர் ஆக்கினார். இந்தப் பதவி உயர்வுகள் அவளுக்கே தெரியாது. பயிற்சிப் பள்ளிச் சுவரில், சாலை விதிகளின் படங்களுக்கு நடுவே, சீருடையில் அவள் சிரிக்கிற படம் ஒன்று மாட்டியிருந்தது. லைசன்ஸுக்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் அதைப் பார்த்து வியந்துவிட்டுத்தான் கிளட்சில் கால் வைக்கலாம்.

ஆனால் போன மகள் ஒரு தடவைகூட வரவில்லை. அதனால் 'நாமே ஒரு நடை போய் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம்' என்று கிளம்பியிருந்தார். வெளியே சொன்னது உல்லாசப் பயணம். உள்ளே இருந்தது, பெண்ணின் முகத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்கிற தவிப்பு. அதைச் சொல்ல மட்டும் அந்த மனிதருக்கு வாய் வராது.

முதலில் ஒரு தேதி குறித்தார். "அது ஒரு இனத்துப் புத்தாண்டுப்பா, ரூமே கிடைக்காது," என்றாள் மகள். மாதத்தை மாற்றினார். "அப்போ இன்னொருத்தருக்கு நோன்பு, பகல்ல பாதிக் கடை பூட்டியிருக்கும்," என்றாள். அதையும் தள்ளினார். மழைக்காலம் வந்து நின்றது. அதைத் தாண்டிக் குதித்தால் இன்னொரு புத்தாண்டு!

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "என்னங்க, என்ன ஆச்சு?"

"இன்னும் ஒரு புத்தாண்டு பாக்கியிருக்காம்."

"நாம போறது இருக்கட்டும். அவளை ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்களேன்."

மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. "வேலையை விட்டுட்டு எப்படி வருவா? பெரிய பொறுப்பு."

"பொறுப்பெல்லாம் இல்லை. நீங்க பேசின பேச்சு. போன புதுசுல ஒரு நாள் அழுதுக்கிட்டே போன் பண்ணினாளே, இங்க எனக்குப் பிடிக்கலைப்பா, வந்துடறேன்னு. என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"பாதியில இறங்கி வர்றவளுக்கு இந்த வீட்டுல இடமில்லைன்னு சொன்னீங்க."

"அது... தைரியம் சொன்னேன்."

உண்மையில் அவர் அப்படித்தான் நினைத்துச் சொன்னார். 'பாதியில் இறங்குறதா இருந்தா இனிமே இந்தப் பக்கம் வராதே' என்று காரில் நாளுக்கு ஒருவரையாவது திட்டுவார். திட்டு வாங்கியவர்கள் மறுநாள் காலை ஒன்றும் நடக்காதது போல் வந்து நிற்பார்கள். அவர்கள் பணம் கட்டியவர்கள். மகள் பணம் கட்டவில்லை.

அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை. ஒரு நாளும் குறை சொன்னதில்லை. எப்போதும் நன்றாக இருப்பதாகவே சொன்னாள். வீடியோவில் வரச் சொன்னால் நெட் இழுக்கிறது என்பாள். எப்போதாவது ஒரு கடற்கரைப் படம் அனுப்புவாள், அதில் கடல் இருக்கும், அவள் இருக்க மாட்டாள்.

அன்று மாலையும் பேசினாள். மாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"இருமல் விட்டுச்சாப்பா? நேத்தெல்லாம் ரொம்ப இருமினீங்களாமே."

மாஸ்டர் மனைவியை முறைத்தார். மனைவியின் வாயில் எந்த விஷயமும் தங்காது என்பது குடும்பமறிந்த உண்மை. பிறந்த நாளுக்கு வாங்கி ஒளித்து வைத்த சட்டையை, ஒளித்து வைத்த இடத்தோடு அவரிடமே சொன்னவள்.

"நான் சொல்லலைங்க," என்றாள் மனைவி. யார் நம்புவார்கள்?

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. இங்க விடாத மழை, அதான்," என்றார் மாஸ்டர்.

"இங்கேயும் மழைதான்ப்பா."

"கேட்டியா? அங்கேயும் மழையாம்!" என்று மாஸ்டர் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். ஏதோ மகளும் தானும் ஒரே குடைக்குள் நிற்பது போல அவருக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. போனை வைத்ததும் அது வடிந்துவிட்டது.

மறுநாள் பயிற்சிக் காரில் சலவைக்கடை அம்மா ஏறினாள். மாஸ்டரின் வாழ்க்கையில் இவ்வளவு மோசமான மாணவி வந்ததில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ சலவைக்கடை வைத்திருக்கிறாளாம். வந்து சேர்ந்து எத்தனையோ மாதமாகியும், முதல் கியரைப் போட்டால் வண்டி ஒரு விக்கல் விக்கி நின்றுவிடும். லைசன்ஸ் பரீட்சைக்குப் போகச் சொன்னால், "இன்னும் தைரியம் வரலை மாஸ்டர்," என்பாள்.

"கிளட்ச்! கிளட்சை விடாதேன்னேன்!"

வண்டி நின்றது.

"ஏம்மா, அதுக்கும் உயிர் இருக்கும்மா. கொஞ்சம் பார்த்துச் செய்யேன்."

"காலையில சாப்பிட்டீங்களா மாஸ்டர்?"

"சாவியைத் திருப்பு முதல்ல!"

"மாத்திரை போட்டீங்களா? கண்ணெல்லாம் சிவந்திருக்கே."

மோசமாக ஓட்டுகிறவர்கள் எல்லோருமே பேச்சை மாற்றுவார்கள் என்பது மாஸ்டர் கண்டறிந்த உண்மை. ஆனால் அன்று அவருக்குத் திட்டத் தெம்பில்லை. விளையாட்டு மைதானத்தைச் சுற்றும்போது, யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் போலிருந்தது. தேதி தேதியாகத் தள்ளிப்போகிற கதையைச் சொன்னார்.

"போகத்தான் வேணுமா மாஸ்டர்? வயசான காலத்துல அவ்வளவு தூரம்?"

"எனக்கு என்ன வயசாச்சு? ரோட்டைப் பாரு!"

வண்டி மீண்டும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. நாலு ஊர் சுற்றுகிறவன் என்பதால் உலகமே தன் பையில் இருப்பதாக நினைப்பு.

"மாமா, தேதி கேட்டா தள்ளிக்கிட்டேதான் போவா. கேக்கவே கேக்காதீங்க. சொல்லாமக் கொள்ளாமப் போய் ஹோட்டல் வாசல்ல நில்லுங்க. பொண்ணு அப்படியே ஓடி வந்து கட்டிக்குவா பாருங்க."

மாஸ்டருக்கு அந்தக் காட்சி பிடித்துப் போயிற்று. உடனே மனைவியிடம் திரும்பினார். "இந்தா, இதை மட்டும் அவகிட்ட உளறிடாதே."

"நான் ஏன் உளறப் போறேன்?" என்றாள் மனைவி.

அன்று மாலை மகள் பேசியபோது மனைவி உறுதியாகத்தான் இருந்தாள். சமையலைப் பற்றிப் பேசினாள், மழையைப் பற்றிப் பேசினாள், போனை வைக்கப் போகிற சமயத்தில், "நாங்க சொல்லாம வந்து நின்னா எந்த வாசல்ல நிக்கணும்டி?" என்று கேட்டுவிட்டாள்.

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு மகள் அவசரமாகச் சொன்னாள். "அம்மா, நான் இப்ப அந்த ஹோட்டல்ல இல்லை. அவங்களோட இன்னொரு கிளைக்கு மாத்திட்டாங்க. அது ஒரு தீவு. படகுலதான் வரணும். உனக்குத்தான் படகு ஒத்துக்காதே."

"ஒத்துக்க வைக்கிறேன்," என்று குறுக்கே புகுந்தார் மாஸ்டர்.

மறுநாள் ஏஜெண்டிடம் படகையும் சேர்க்கச் சொன்னார். மனைவிக்கு வாந்தியை நிறுத்தும் மருந்துக்கு மச்சினன் பொறுப்பேற்றான். அந்த மருந்தில் கொஞ்சம் தனக்கும் வேண்டும் என்று ஏஜெண்ட் கேட்டுக்கொண்டார். வந்த வினை அதோடு போயிருக்கலாம். ஆனால் ஏஜெண்ட் கடமை தவறாதவர். தீவின் பெயரைத் தெரிந்துகொள்வதற்காக அந்த ஹோட்டலுக்கே போன் போட்டார்.

பேசி முடித்துவிட்டு வெகுநேரம் மேஜையைத் துடைத்தார்.

"சார், அவங்களுக்கு வேற கிளையே கிடையாதாம். தீவும் கிடையாதாம்."

"என் பொண்ணு?"

"அந்தப் பேர்ல முன்னாடி ஒருத்தங்க இருந்தாங்களாம். வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சாம்."

மேனேஜர், சூப்பர்வைசர், வரவேற்பு மேஜை எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிரேக்கை மிதித்தார். எதுவும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி அழுதாள். மச்சினன் மட்டும் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னான். "மாமா, எனக்குப் புரிஞ்சு போச்சு. கல்யாணம்."

"யாருக்கு?"

"உங்க பொண்ணுக்குத்தான். நாலு இனம் கலந்து வாழுற நாடு. சின்னப் பொண்ணு. தனியா இருந்திருக்கா. யாரையோ பிடிச்சுப் போச்சு, கட்டிக்கிட்டா. உங்ககிட்ட சொல்லப் பயம். அதான் இத்தனை புத்தாண்டு, நோன்பு, தீவு எல்லாம்."

அன்று மாஸ்டர் ஆடிய ஆட்டத்தை விவரிக்க வேண்டாம். பயிற்சிப் பள்ளிக்கே போய், சுவரில் இருந்த அவள் படத்தைக் கழற்றப் பார்த்தார். கழற்றினால் அந்த இடத்தில் சுண்ணாம்பு வேறு நிறத்தில் தெரியும், எல்லோரும் கேட்பார்கள் என்று விட்டுவிட்டார். அவளுக்கும் தனக்கும் இனி ஒன்றுமில்லை என்றார். பயணம் ரத்து என்றார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்போ அவ முகத்தைப் பார்க்காமலே செத்துப் போகலாம்ங்கிறீங்களா?"

மாஸ்டர் விளக்கை அணைத்தார். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். விடிந்து எழுந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார், அல்லது களைத்துப்போன அதே ஆளாக இருந்தார்.

"யாரா இருந்தாலும் பரவாயில்லை," என்று சலவைக்கடை அம்மாவிடம் சொன்னார். கோர்ட்டு மேட்டில் கார் ஏறிக்கொண்டிருந்தது. "எந்த இனமா இருந்தா என்ன, மனுஷன்தானே?"

"யாரு மாஸ்டர்?"

"என் மாப்பிள்ளை."

சலவைக்கடை அம்மா மேட்டின் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

"உங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "அப்படியெல்லாம் இருக்காது மாஸ்டர்!"

"உனக்கு எப்படித் தெரியும்? ஹேண்ட் பிரேக்கைப் போடு!"

அன்று மாலை மகள் போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே, "அப்பா, எனக்குக் கல்யாணம் எல்லாம் ஆகலை," என்றாள்.

மாஸ்டர் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை. மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள், தான் மூச்சு விடவில்லை என்று. அந்தச் சத்தியத்தைக் குடும்பத்தில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

"கேக்காமலே இல்லைங்கிறாளே மாமா, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றான் மச்சினன்.

கல்யாணம் உறுதியாகிவிட்டது.

பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. மாப்பிள்ளை எந்த இனம் என்று தெரியாததால், நாலு இனத்து வணக்கத்தையும் மாஸ்டர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஏஜெண்ட் தன் நீலத் தென்னை மரங்களுக்குக் கீழே நின்று பயிற்சி கொடுத்தார். ஒருவருக்கு நெஞ்சில் கை வைக்க வேண்டும், ஒருவருக்கு இடுப்பு வரை குனிய வேண்டும், ஒருவருக்குக் கை கூப்ப வேண்டும், ஒருவருக்குக் கை குலுக்கினால் போதும். பயிற்சிக் காரில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மாஸ்டர் பக்கத்துப் பேருந்தைப் பார்த்து மாறி மாறிக் குனிந்தார், கூப்பினார். பேருந்தில் இருந்த சிலர் பதிலுக்கு வணங்கினார்கள்.

மாப்பிள்ளைக்குச் சட்டை எடுக்க வேண்டும். அளவு?

"நீதான் தினம் சட்டை பார்க்கிறவளாச்சே. ஒரு உத்தேசமாச் சொல்லேன்," என்று சலவைக்கடை அம்மாவைக் கேட்டார்.

"இல்லாத மனுஷனுக்கு என்ன அளவு சொல்றது மாஸ்டர்?" என்றாள் அவள்.

"என்னது?"

"இல்லை... பார்க்காத மனுஷனுக்குன்னு சொன்னேன். நடுத்தரமா எடுங்க."

நடுத்தரமாக எடுத்தார். மனைவி இன்னும் ஒரு படி மேலே போய், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு குழந்தைச் சட்டை வாங்கி வந்தாள். கையகலம்தான் இருந்தது. அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பெண் குழந்தை என்றால் அவளைப் போலவே இருக்கும் என்று மனைவி சொன்னாள். மாஸ்டர் அதில் ஒட்டியிருந்த நூல் ஒன்றைப் பிய்த்து எறிந்தார்.

டிக்கெட் எடுத்தாயிற்று. ஒரே ஒரு பிரச்சினைதான் மிச்சம். எங்கே போய் நிற்பது? விலாசம் தெரியாமல் நாலு இனத்தாரின் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மாஸ்டர் தானே போன் செய்தார். பேச வேண்டியதைக் காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

"இந்தா பாரும்மா. எனக்கு எல்லாம் தெரியும். அந்த வேலை இல்லைன்னும் தெரியும். உன் வீட்டுக்காரர் யாரா இருந்தாலும் எனக்குச் சம்மதம். கோபமெல்லாம் போயிடுச்சு. டிக்கெட் எடுத்தாச்சு, நானும் அம்மாவும் வர்றோம். விலாசத்தை மட்டும் சொல்லு."

மறுமுனையில் 'அப்பா' என்று மட்டும் கேட்டது. பிறகு மகள் அழுதாள். முன்பு ஒரு நாள் அழுத அதே அழுகை.

"வராதீங்கப்பா. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன். அங்க வராதீங்க."

போன் துண்டிக்கப்பட்டது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மாஸ்டர் வேலைக்கு வந்தது வழக்கத்தின் பலத்தில்தான். மழை வலுத்திருந்தது. வைப்பர்கள் முனகிக்கொண்டே தண்ணீரைத் தள்ளின. சலவைக்கடை அம்மா வந்து ஏறி, பெல்ட் போட்டு, அவர் முகத்தைப் பார்த்தாள். சாப்பிட்டீர்களா என்று இன்று கேட்கவில்லை.

"டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போறேன்மா," என்றார் மாஸ்டர், கண்ணாடியைப் பார்த்தபடியே. "வராதேன்னுட்டா."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு என்னோடதுதான். பாதியில இறங்கினா வீட்டுல இடமில்லைன்னு சொன்னேன். எல்லாரையும் சொல்ற மாதிரிதான் சொன்னேன். அவ என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கிட்டா. அவ ஜெயிச்சாத்தான் மக, தோத்தா இல்லைன்னு எவனாவது நினைப்பானா? நான் நினைக்கலைம்மா. ஆனா அப்படித்தான் பேசியிருக்கேன்." மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். "எனக்கு ஊரும் பார்க்க வேண்டாம், கடலும் பார்க்க வேண்டாம். அவ எந்த நிலைமையில இருந்தாலும் சரி, என் கண்ணு முன்னால வந்து நின்னாப் போதும். இதைச் சொல்லக்கூட போனை எடுக்க மாட்டேங்கிறா."

இத்தனை வருஷத்தில் எந்த மாணவர் முன்னாலும் அவர் அழுதது கிடையாது. அழுவது அவர்கள் வேலை. இன்று ஆள் மாறியிருந்தது.

சலவைக்கடை அம்மா முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாவியைத் திருப்பினாள். கியர் போட்டாள்.

வண்டி நிற்கவில்லை.

மாஸ்டர் முதலில் கவனிக்கவில்லை. மைதானத்துத் திருப்பம் வந்தபோது வண்டி திரும்பாமல் நேரே போனது. அப்போதுதான் நிமிர்ந்தார்.

"ஏம்மா, இங்க திரும்பணும்!"

அவள் திரும்பவில்லை. இரண்டாவது கியர், மூன்றாவது கியர் என்று சத்தமே இல்லாமல் மாறின. எதிரே வந்த லாரிக்கு அளவாக ஒதுங்கி, குழியைப் பக்குவமாக விலக்கி, பாலத்தின் மேல் ஏறினாள். மாஸ்டருக்குப் பாலத்தைத் தாண்டியே பழக்கமில்லை. மைதானம், கோர்ட்டு மேடு, பள்ளி என்று ஒரே வட்டம்தான் அவருடைய உலகம். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒழுங்காக ஓட்டத் தெரியாது என்பது அவர் அபிப்பிராயம்.

"எங்கம்மா போற? நிறுத்து! நிறுத்துன்னேன்!"

தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் அவர் கால் தயாராக இருந்தது. ஆனால் மிதிக்க ஒரு தப்பும் அகப்படவில்லை. மழையில் வழுக்குகிற சாலையில், கார் தண்ணீரில் விட்ட படகாகப் போய்க்கொண்டிருந்தது. இருபுறமும் கடைகள் நெருங்கிய ஒரு சந்துக்குள் நுழைந்தாள். இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு கார் நிற்கிற அளவுக்குத்தான் இடம் இருந்தது. கழுத்தைத் திருப்பி, ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை வளைத்து, பின்பக்கமாகவே ஒரே வீச்சில் கொண்டுபோய் அதில் செருகினாள். மாஸ்டரே இரண்டு தடவை முன்னும் பின்னும் போயிருப்பார்.

முன்னால் இருந்தது ஒரு சலவைக்கடை. வாசலில் ஒரு பழைய வேன் நின்றது. கடைக்கு மேலே ஒரு சின்ன மாடி, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.

மாஸ்டருக்கு ஆச்சரியத்தில் துக்கம்கூட மறந்துவிட்டது.

"இதையெல்லாம் யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை!"

அவள் ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். இன்ஜினைத் தானே அணைத்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் பன்னிரண்டு வருஷமா இந்தக் கடை வேனை ஓட்டுறவ மாஸ்டர், 'அப்பா சாப்பிட்டாரா, இருமல் நின்னுச்சா, தினம் பார்த்துட்டு வந்து சொல்லுங்கக்கா'ன்னு என்னை உங்ககிட்ட கத்துக்க அனுப்புறதே, எங்க மாடியில குடியிருக்கிற உங்க பொண்ணுதான்."